மம்மட்டியா சங்கோலா? கடையில ஓயாம கேக்குற கேள்விகளும் பதிலும்

மலேசியாவுல, பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்ல ஒரு ஹார்ட்வேர் கடை கவுண்டர்ல நிக்கிறவன் நான். சாமான் வாங்க வர்ற தோட்டத்து ஆளுங்க, ஃபோலியோ செய்யுற பள்ளிப் பிள்ளைங்க, கோலாலம்பூர்லேந்து லீவுக்கு வர்ற சொந்தக்காரங்க, எல்லாரும் சுத்திச் சுத்தி இதே கேள்வியத்தான் கேக்குறாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிக்குது, அதான் ஒரே எடத்துல எழுதி வச்சிட்டேன்.

மண்வெட்டி, மம்மட்டி, மம்பட்டி, சங்கோல் – எல்லாம் ஒண்ணுதானா?

ஒண்ணுதான். எழுத்துல மண்வெட்டி, பேச்சுல மம்மட்டி இல்லன்னா மம்பட்டி, மலாய்லேந்து நம்ம வாயில ஏறுனது சங்கோல். அகலமான இரும்புத் தகடு, அது தலையில ஒரு ஓட்டை, அந்த ஓட்டையில மரக்காம்பு. காம்பும் தகடும் நேர்கோட்டுல நிக்காது, உள்பக்கமா மடங்கி நிக்கும், அதனால மண்ண நம்ம காலுப் பக்கமா இழுக்கலாம். சவல் அப்படி இல்ல, அது தள்ளி அள்ளுற சாமான், மலாய்ல பென்யோடோக்னு சொல்லுவாங்க. சிமெண்டு கலக்க சவல் கேட்டு வந்துட்டு சங்கோல தூக்கிட்டுப் போறவங்க மாசத்துக்கு ஒருத்தராவது வர்றாங்க, அப்பறம் மாத்திக் குடுன்னு நிப்பாங்க.

ஊருக்கு ஊரு ஷேப் கொஞ்சம் மாறும். தமிழ்நாட்டு வயக்காட்டுல பாத்தீங்கன்னா காம்பு குட்டையா இருக்கும், ஆளு நல்லா குனிஞ்சு வெட்டணும். இங்க சங்கோல் காம்பு நீளம், அரைகுறையா நிமிந்தே வேலை பாக்கலாம்.

மம்மட்டிங்கற பேரு எப்படி வந்துச்சு?

மண் + வெட்டி. மண்ண வெட்டுறது, அம்புட்டுதான். ஆனா வாய் சும்மா இருக்குமா? 'ண்'னு சொல்ல நாக்கு மேல ஏறணும், அடுத்து 'வெ' சொல்ல உதட்டுக்கு வரணும், வேகமா பேசுறப்ப ரெண்டையும் செய்ய சோம்பேறித்தனமா இருக்கு, அதனால 'ண்' உதட்டுக்கே எறங்கி வந்து 'ம்' ஆயிடுச்சு. ஒன்பதுன்னு எழுதிட்டு ஒம்பதுன்னு சொல்லுறோமே, அங்கயும் இதே கதைதான். அப்பறம் அந்த 'வெ' சிலர் வாயில 'ம' ஆச்சு, சிலர் வாயில 'ப' ஆச்சு. முன்னது மம்மட்டி, பின்னது மம்பட்டி. எந்தப் பக்கத்து ஜனங்க தோட்டத்துக்கு வந்தாங்களோ அந்தப் பக்கத்து உச்சரிப்பு அந்த லயத்துல (தோட்டத்து வரிசை வீட்டுல) தங்கிடுச்சு. எங்க பாட்டி மம்பட்டி, எதுத்த லயத்துப் பாட்டி மம்மட்டி, ரெண்டு பேரும் கடைசி வரைக்கும் விட்டுக் குடுக்கல.

மம்பட்டிப் பல்லுன்னு கிண்டல் பண்ணுறதும் இந்த தகடு நீட்டிக்கிட்டு இருக்குறத வச்சுத்தான்.

அப்ப சங்கோல்? பழைய ரெக்கார்டுல ஏன் வேற ஸ்பெல்லிங் இருக்கு?

மலாய்ல சங்கோல்னா இந்தக் கருவி, மெஞ்சங்கோல்னா அத வச்சு வெட்டுறது. பழைய தோட்டத்துக் கணக்குப் புத்தகத்துல எல்லாம் சி-எச் போட்டு, கடைசி எழுத்துக்கு முன்னால 'ஓ' போட்டு எழுதியிருப்பாங்க. 1972 ஆகஸ்டு 16-ஆம் தேதி மலேசியாவும் இந்தோனேசியாவும் சேந்து மலாய இங்கிலீஷ் எழுத்துல எழுதுற புது ரூமி எழுத்துமுறை கொண்டாந்தாங்க, அதுல சி-எச் வெறும் சி ஆயிடுச்சு, 'ஓ' இருந்த எடத்துல 'யு' வந்துடுச்சு. கிராமத்துக்கு மலாய்ல சொல்லுற கம்போங்ங்கறது கம்புங் ஆனது அப்பதான். அதனால இப்ப ஸ்கூல்ல படிக்கிற பிள்ளைங்க சங்குல்னு படிக்கும், தாத்தா சங்கோல்னு சொல்லுவாரு. நம்ம தமிழ்ல 'கோ' போட்டு எழுதுறோமே, அது 1972-க்கு முந்துன ஸ்பெல்லிங்க அப்படியே புடிச்சு வச்சிருக்கு. சிங்கப்பூர்ல இங்கிலீஷ் பேசுறப்பகூட இன்னும் பழைய ஸ்பெல்லிங்லதான் எழுதுறாங்க.

செங்கோல்தான் சங்கோல் ஆச்சாமே, அப்ப அது தமிழ்ச்சொல்லா?

இல்லங்க. செங்கோல்னா வளையாத நேர் கோல், ராஜா கையில இருக்குறது. நம்ம சங்கோலோட பொழப்பே வளைஞ்சு நிக்கிறதுலதான் இருக்கு. சத்தம் ஒத்துப்போனா சொந்தம் ஆயிடாது. இந்த மாதிரி ஃபார்வர்டு அனுப்புறவங்ககிட்ட வாதாடுறது கடப்பாரைய முழுங்கிட்டு சுக்குக் கசாயம் குடிக்கிற வேலை, நான் விட்டுட்டேன்.

இந்த மாதிரி கதை கட்டுறது நம்ம ஆளுங்களோட வியாதி மட்டும் இல்ல. ஜாவாக்காரங்க இத பாச்சோல்னு சொல்லுவாங்க. அதுக்கு அவங்க ஊருல 'கழண்டு போகக்கூடாத நாலு'ன்னு அர்த்தம் சொல்லி, கண்ணு, காது, மூக்கு, வாயின்னு நாலையும் அடக்கி வைக்கணும்னு விளக்கம் குடுப்பாங்க, ஜாவாவுல இஸ்லாத்த பரப்புன பெரியவரு சுனான் காலிஜாகா சொன்னதா சொல்லுவாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா பேரு முதல்ல வந்துச்சு, விளக்கம் பின்னால வந்து ஒட்டிக்கிச்சுன்னு பாத்தாலே தெரியும்.

மம்மட்டி இங்கிலீஷ் டிக்ஷனரியில இருக்குன்னு சொல்றாங்களே, நெசமா?

நெசம். 1886-ல ஹென்றி யூலும் ஏ.சி. பர்னலும் சேந்து இந்தியாவுல வெள்ளைக்காரங்க புழங்குன வார்த்தைங்கள தொகுத்து ஹாப்சன்-ஜாப்சன்னு ஒரு அகராதி போட்டாங்க. அதுல மம்மூட்டின்னு ஒரு தலைப்பு இருக்கு. தமிழ் மண்வெட்டியிலேந்து வந்ததுன்னும், இது ஸ்பேட் மாதிரி இருக்காது, களைக்கொத்து மாதிரி காம்பு மடங்கி நிக்கும்னும் தெளிவா எழுதியிருக்காங்க. மெட்ராஸ் பக்கம் இருந்த பட்டாளத்துக்காரனும் ரோடு போடுற இன்ஜினியரும் கூலி ஆளுங்க வாயிலேந்து எடுத்துக்கிட்ட வார்த்தை. வடக்க இருந்த வெள்ளைக்காரன் இதே சாமானுக்கு இந்தியிலேந்து பாவ்டான்னு எடுத்துக்கிட்டான். இலங்கை இங்கிலீஷ்ல மம்மட்டி இன்னிக்கும் புழக்கத்துல இருக்கு.

இங்க பாருங்க, நம்ம மலாயா தொரைங்க மட்டும் மம்மட்டிய எடுக்கல, சங்கோலத்தான் எடுத்தாங்க. வேலை செஞ்சவங்க தமிழங்க, ஆனா தொர எழுதுனது மலாய் வார்த்தை. ஏன்னா இங்க கடைக்காரன் சீனன், கம்பத்துல (கிராமத்துல) மலாய்க்காரன், தோட்டத்துல தமிழன், ஜாவாக்காரன், எல்லாருக்கும் பொதுவா இருந்தது பஜார் மலாய்தான். இலங்கையில தொரைக்கும் கங்காணிக்கும் நடுவுல பெரும்பாலும் தமிழ்தான் ஓடுச்சு, அதனால அங்க மம்மட்டி ஜெயிச்சுது. எனக்கு இதுதான் இந்த முழு விஷயத்துலயே ரொம்ப புடிச்ச எடம்.

நடிகர் மம்மூட்டி பேரும் இதுதானா?

இதக் கேக்காத ஆளே இல்ல. அவரு பேரு முகமது குட்டி, அதோட சுருக்கம்தான் மம்மூட்டி. மண்ணுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. மலையாளத்துல இந்தக் கருவிக்கு தூம்பான்னு வேற பேரும் இருக்கு.

வெள்ளைக்காரன் ஸ்பேட் கொண்டு வந்தானே, அது ஏன் தோட்டத்துல எடுபடல?

ஸ்பேட்ட மண்ணுல எறக்கணும்னா மேல காலு வச்சு மிதிக்கணும். பூட்ஸ் போட்டவன் மிதிப்பான். வெறுங்காலோட நிக்கிறவன் அந்த இரும்பு விளிம்புல எப்படி மிதிப்பான்? சங்கோலுக்கு காலு வேண்டாம், தோளும் இடுப்பும் போதும், அதோட வெயிட்டே பாதி வேலைய செஞ்சுடும். இன்னொண்ணு, மலைச்சரிவுல மேல பாத்து நின்னு மண்ண கீழ இழுக்குறதுக்கு இத விட்டா வேற இல்ல. இழுத்த கையோட திருப்பி முதுகுப் பக்கத்தால கட்டிய ஒடைக்கலாம், மண்ண தட்டி சமமும் பண்ணலாம்.

தோட்டத்துல இத வச்சு என்னென்ன செஞ்சாங்க?

ரப்பர்னாலே கத்தி, மங்கு, வாளின்னுதான் எல்லாரும் நெனைப்பாங்க. மரம் பால் குடுக்குறதுக்கு முந்தி அஞ்சாறு வருஷம் இருக்கே, அது பூரா சங்கோல் வேலைதான். காட்ட அழிச்சு எரிச்ச பின்னால கன்னு வைக்க குழி வெட்டணும், மலையா இருந்தா வரிவரியா மேடை வெட்டணும், தண்ணி போக லோங்காங் வெட்டணும், மேல் மண்ணு மழையில அடிச்சிட்டுப் போகாம இருக்க அங்கங்க சேத்துக்குழி வெட்டணும். இங்கேந்து பக்கத்துல கோல கங்சார்ல 1877-ல நட்ட ரப்பர் மரத்துல ஒண்ணு இன்னிக்கும் நிக்குது, எல்லாரும் போய் செல்ஃபி எடுக்குறாங்க. அந்த மரத்தோட வாரிசுங்கள இந்த நாடு பூரா பரப்புனது குழி வெட்டுன கைங்கதான்.

இதுல மோசமான வேலை லாலாங். வெளிய பாத்தா வெறும் புல்லு, ஆனா அடியில வெள்ளையா, கூர்மையா, ஊசி மாதிரி மொனையோட வேரு பின்னிக் கெடக்கும். துண்டு வேரு விட்டாலும் மறுபடி மொளைக்கும். அதனால மேலாக்கா செதுக்குனா பிரயோஜனம் இல்ல, ஆழமா வெட்டி, கட்டிய பொரட்டி, கையால வேர உதறி எடுத்து, வெயில்ல காயப்போட்டு எரிக்கணும். பெரட்டுல பேரு கூப்புடுறப்பவே லாலாங் நெரைக்கு அனுப்புனா மொகம் தொங்கிடும்னு எங்க பெரியவங்க சொல்லுவாங்க.

ஆரம்ப காலத்துல தொரைங்களுக்கு ஒரு கிறுக்கு இருந்துச்சு, மரத்தடியில ஒரு புல்லுகூட இருக்கக்கூடாதுன்னு செதுக்கச் சொல்லுவாங்க. நம்ம ஊரு மழைக்கு அது தாங்குமா? மேல்மண்ணு பூரா ஆத்துக்குப் போச்சு. அப்பறம்தான் புத்தி வந்து, வேருல சத்து புடிக்கிற கொடிங்கள தரையில படர விட்டாங்க. செதுக்குறவனுக்கு அது மொதல்லயே தெரியும், அவன யாரு கேட்டா.

இப்ப செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்துல புல்லுக்கு மருந்து அடிக்கிறான், குழிக்கு மெஷின் வந்துடுச்சு. ஆனா மரத்தச் சுத்தி, மெஷின் போக முடியாத சரிவுல, அடைச்ச லோங்காங்குல, இன்னும் சங்கோல்தான். அப்பறம் ஊரே கூடி துப்புரவு பண்ணுற கோத்தோங் ரோயோங் அன்னிக்கு, அப்பறம் ஒய்பி (தொகுதி எம்.பி. இல்லன்னா சட்டமன்ற உறுப்பினரு) வந்து அடிக்கல் நாட்டுறப்ப ரிப்பன் கட்டுன சங்கோல். அந்த சங்கோல திருப்பிக் கொண்டாந்து பாதி வெலைக்கு எடுத்துக்கோன்னு கேட்டவங்களும் உண்டு.

சயாம் ரயில் கதையில வர்ற 'சங்கல்' இதுதானா?

இதேதான். 1942-லயும் 43-லயும் ஜப்பான்காரன் தாய்லாந்துலேந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் ரோடு போட்டான். ஆஸ்திரேலியா, இங்கிலாந்து, டச்சுக் கைதிங்கள வச்சு வேலை வாங்குனத எல்லாரும் பேசுறாங்க. ஆனா அவங்கள விட பல மடங்கு அதிகமா ஆசியாக்காரங்க, அதுல நம்ம மலாயா தோட்டத்துத் தமிழங்க, லாரியிலயும் ரயில் பெட்டியிலயும் ஏத்திக் கொண்டு போனாங்க. சம்பளம் உண்டு, சாப்பாடு உண்டு, சீக்கிரம் திரும்பிடலாம்னு சொல்லிக் கூட்டிட்டுப் போனது, போனவங்கள்ல ஏகப்பட்ட பேரு காலராவுலயும் மலேரியாவுலயும் பசியிலயும் அங்கயே போய்ட்டாங்க.

மலைய ஒடைக்க சுத்தியும் உளியும், மண்ணுக்கு சங்கோலும் கூடையும். உயிரோட திரும்புன வெள்ளைக்காரக் கைதிங்க எழுதுனதுல எல்லாம் இந்த வார்த்தை வரும், அவங்க காதுல விழுந்தபடி சங்கல், சுங்கல்னு எழுதியிருப்பாங்க. அவங்களுக்கு அது அங்க போய்க் கத்துக்கிட்ட புது வார்த்தை. நம்ம ஆளுங்களுக்கு அது பொறந்ததுலேந்து கையில இருந்த சாமான். அவங்க எழுதி வச்சாங்க, நம்ம பக்கம் எழுதுனவங்க ரொம்ப கொறைச்சல், வீட்டுக்கு வீடு வாய்க்கதையாத்தான் இருக்கு. இங்க பழைய தோட்டத்துக் குடும்பங்கள்ல கேட்டுப் பாருங்க, சயாமுக்குப் போயி திரும்பாத ஒரு தாத்தாவோ சின்னத்தாத்தாவோ இருப்பாரு.

மத்த ஊருல என்ன சொல்லுவாங்க?

சமஸ்கிருதத்துலயும் பாலியிலயும் குத்தாலன்னு ஒரு வார்த்தை. அதோட பேரப்பிள்ளைங்க ஊரூரா இருக்கு, இந்தியில குதால், வங்காளத்துல கோதால். எங்க கடையில ஸ்டாக் எடுத்துக் குடுக்குற பையன் பங்களாதேஷ்காரன், மம்மட்டின்னா முழிப்பான், கோதால்னா ஓடுவான்.

புத்த ஜாதகக் கதையில ஒரு தோட்டக்காரன் வருவான், துறவியா போயும் தன்னோட மண்வெட்டி மேல இருந்த ஆசை விடல, அதுக்காகவே திரும்பத் திரும்ப வீட்டுக்கு வந்துடுவான், கடைசியா ஆத்துல தூக்கிப் போட்டுட்டுத்தான் நிம்மதியானான். நல்ல சங்கோல் வச்சிருக்குறவங்களுக்கு அந்த ஆசை புரியும்.

சாமி கையிலயும் மம்மட்டி இருக்கே?

அது மதுரைக் கதை. வைகையில வெள்ளம், வீட்டுக்கு ஒரு ஆளு கரை அடைக்கணும்னு ராஜா உத்தரவு. வந்திக் கிழவிக்கு ஆளு இல்ல. சிவனே கூலி ஆளா வந்து, கூலிக்கு உதிர்ந்த பிட்ட வாங்கித் தின்னுட்டு, வேலையச் செய்யாம படுத்துத் தூங்கி, பாண்டியன்கிட்ட பிரம்படி வாங்குன கதை. ஆவணி மூலத் திருவிழாவுல சுந்தரேசுவரருக்கு தங்கத்துல மண்வெட்டியும் கூடையும் குடுத்து ஜோடிப்பாங்க. நாள் கூலிக்காரன் சாமானத் தங்கத்துல செஞ்சது மதுரைக்காரங்களோட குசும்பு, எனக்கு அது புடிக்கும்.

அப்பர் சாமி தோளுல இருக்குறது வேற, அது உழவாரம், கோயில் பிரகாரத்துல புல்லு செதுக்குறது. கோயில் கூட்டிப் பெருக்க சனிக்கிழம கூப்புடுறாங்களே உழவாரப் பணின்னு, அந்தப் பேரு அங்கேந்துதான். ஆனா வர்றவங்க கையில பூரா சங்கோல்தான் இருக்கும்.

எப்படிப் பாத்து வாங்குறது? தலை ஆடுது, என்ன பண்ண?

எங்க அப்பா காலத்துல முதலை மார்க்குன்னு கேட்டு வாங்குவாங்க, மலாய்ல சாப் புவாயா, இங்கிலாந்துல வுல்வர்ஹாம்ப்டன் ஊருல சில்லிங்டன் கம்பெனி செஞ்சது. முதலை படத்த தடவிப் பாத்துட்டுத்தான் காசு எடுப்பாங்க. மார்க் எதுவா இருந்தாலும் தகட்ட தொங்கவிட்டு வெரல் மொட்டியால தட்டுங்க. நல்ல எஃகு நீளமா கணீர்னு கேக்கும், கீறல் இருந்தா சத்தம் செத்துப் போயிடும். ஓட்டை இருக்குற எடத்துல தகடு தடிப்பா இருக்கணும், அங்க மெல்லிசா இருந்தா கல்லுல பட்ட ஒடனே வளையும். வெயிட்ட பந்தாவுக்கு வாங்காதீங்க, ஒரு மணி நேரம் தூக்கி எறக்குறப்ப தெரியும்.

தலை ஆடுனா எல்லாரும் செய்யுறது தண்ணி வாளியில ஊறப்போடுறது. மரம் ஊதி இறுகும், சரிதான், ஆனா காஞ்சா முன்ன விட லூசாயிடும். சரியான வழி, காம்போட நுனிய ரம்பத்தால கீறி, காஞ்ச கட்டை மரத்துல ஆப்பு சீவி, தலைய மாட்டிட்டு, காம்போட அடிப்பக்கத்த சிமெண்டுத் தரையில ரெண்டு மூணு தடவ குத்துங்க. தலை அதோட வெயிட்டுலயே எறங்கி உக்காரும். அதுக்கப்பறம் ஆப்ப அடிங்க, நீட்டிக்கிட்டு இருக்குறத அறுத்து விடுங்க. ஆணி அடிக்காதீங்க, மரம் பொளந்துடும். மொனைய உள்பக்கத்துல மட்டும் அரத்தால ராவுங்க. வேலை முடிஞ்சதும் மண்ண வழிச்சுட்டு பழைய இன்ஜின் ஆயில் தடவி வைங்க.

வெட்டுறப்ப காலு ரெண்டும் அகலமா, சங்கோல் விழுற கோட்டுலேந்து தள்ளி இருக்கணும். ஜப்பான் சிலிப்பர் போட்டுக்கிட்டு வெட்டி மொழங்கால் எலும்புல தையல் போட்டவங்க இந்த ஊருல நெறைய பேரு.

பையன் கட்டுரையில சங்கோல்னு எழுதுனா டீச்சர் தப்பு போடுறாங்க, எது சரி?

பரீட்சையில மண்வெட்டின்னு எழுதச் சொல்லுங்க, இல்லன்னா மார்க்கு போகும். தாத்தா பேசுற மாதிரி வசனம் எழுதுனா சங்கோல்னே இருக்கட்டும், மேற்கோள் குறிக்குள்ள போட்டா எந்த டீச்சரும் வட்டம் போட மாட்டாங்க. வீட்டுல எப்படி வேணும்னாலும் சொல்லட்டும். கடைக்கு அனுப்புறப்ப மட்டும் காம்போட வேணுமா, வெறும் தலை போதுமான்னு கேட்டுச் சொல்லி அனுப்புங்க, அதுலதான் எங்களுக்கு தெனமும் தகராறு.